ஆறு வோல்ட் வரை தாங்கும் என்று யார் சொன்னது?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த எலக்ட்ரானிக் போர்டு அரை நாள் ஓடிவிட்டுப் படுத்துவிட்டால், பழி முதலில் கடைக்காரர் தலையில்தான் விழும். 'டூப்ளிகேட் சரக்கு' என்பது சில நேரம் உண்மைதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது: சிப்பின் பவர் பின்னில் எத்தனை வோல்ட் ஏறியது?

சிப்பின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில்) 'ஆப்சல்யூட் மேக்சிமம்', அதாவது தாண்டவே கூடாத உச்ச அளவு, என்று ஒரு அட்டவணை இருக்கும். வேலை செய்யும் வரம்பு வேறோர் இடத்தில் இருக்கும். ஆர்டுயினோ ஊனோ போர்டில் உள்ள அட்மெகா328பி சிப்புக்கு முதலாவது 6.0 வோல்ட், இரண்டாவது 1.8 முதல் 5.5 வரை. 6-ஐத் தாண்டினால் சிப் நிரந்தரமாகப் பழுதாகலாம்; அது ஓட்டுவதற்கான அளவு அல்ல. 5.5-க்கும் 6-க்கும் நடுவே ஓடினாலும், ஒழுங்காக ஓடும் என்று தயாரிப்பாளர் பொறுப்பேற்கவில்லை.

கீழ்ப்பக்கமும் பொறி உண்டு. 1.8 வோல்ட் போதும் என்பது 4 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு. 10 மெகாஹெர்ட்ஸுக்கு 2.7, 20 மெகாஹெர்ட்ஸுக்கு 4.5 வேண்டும். இந்த அளவுகளை இணைக்கும் கோட்டின்படி 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலுக்கு (சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் உறுப்பு) சுமார் 3.8 வோல்ட். அதை 3.3-இல் ஓட்டினால் ஏசி அறை மேசையில் ஓடிவிடும். மொட்டைமாடிப் பெட்டிக்குள் மே மாத வெயிலிலும் ஓடுமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

வைஃபை உள்ள இ.எஸ்.பி.32 சிப்பில் விளையாட இடமே இல்லை. வேலை வரம்பின் மேல் எல்லை 3.6, ஆப்சல்யூட் மேக்சிமமும் அதே 3.6தான். 18650 லித்தியம் பேட்டரி செல்லின் மேல் 3.7 என்று அச்சிட்டிருக்கும், முழு சார்ஜில் அது 4.2 வோல்ட். அதை நேராக 3.3 வோல்ட் பின்னில் கொடுப்பது சிப்பைக் கொல்வதற்குச் சமம். சரி, நடுவில் ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டர் (வோல்ட்டைக் குறைத்து நிலையாகத் தரும் சிப்) போடலாம் என்றால், அது முழு லோடில் தன் பங்குக்குச் சுமார் 1.1 வோல்ட் விழுங்கும். செல் 3.7-க்கு இறங்கியதும் சிப்புக்குச் சுமார் 2.6 தான் கிடைக்கும். வைஃபை கிளம்பும்போதெல்லாம் பிரவுன்அவுட் ரீசெட், அதாவது வோல்ட் குறைந்து சிப் தானாக மறுதொடக்கம் ஆவது. ஏ.பி.2112 போன்ற குறைந்த இழப்பு ரெகுலேட்டர் போடுங்கள். 600 மில்லிஆம்பியர் தரும், முழு லோடிலும் இழப்பு கால் வோல்ட் அளவுதான். ஆனால் அதன் இன்புட்டில் 6 வோல்ட்டைத் தாண்டாதீர்கள்.

அதிகம் பலி வாங்குவது நீல நிற டிரிம்மர் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்த எல்.எம்.2596 பக் மாட்யூல், அதாவது அதிக வோல்ட்டைக் குறைத்துத் தரும் சிறு போர்டு. புதிதாக வாங்கியதன் அவுட்புட் எத்தனை வோல்ட்டில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. போர்டை இணைக்காமல் 12 வோல்ட் கொடுத்து, அவுட்புட்டில் மல்டிமீட்டரை வைத்துத் திருகுங்கள். பல சுற்று வரை அசையாது, பொறுமை வேண்டும். 5.0 வந்ததும் 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டரை லோடாகப் போட்டு மறுபடி பாருங்கள். பிறகு திருகின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். பவரை அணைத்துவிட்டுத்தான் போர்டைக் கோர்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஆபத்து மிச்சம். தூசியிலும் அதிர்விலும் டிரிம்மரின் உள்தொடர்பு விட்டுப்போனால் ஃபீட்பேக் (அவுட்புட் அளவை சிப்புக்குத் தெரிவிக்கும் இணைப்பு) அறுந்து, அவுட்புட் இன்புட் அளவுக்கே ஏறிவிடும். 12 வோல்ட் அப்படியே போர்டுக்குள் பாயும். நிரந்தரமாக மாட்டப்போகும் பெட்டி என்றால் டிரிம்மரைக் கழற்றிவிட்டு நிலையான ரெசிஸ்டர்கள் வையுங்கள். தரைப்பக்கம் 1 கிலோ ஓம், அவுட்புட் பக்கம் 3 கிலோ ஓம்: சிப்பின் ஒப்பீட்டு வோல்ட் 1.23 என்பதால், 1.23 × (1+3) = 4.92 வோல்ட். 5 வோல்ட் டி.வி.எஸ். டையோடு (திடீர் வோல்ட் எகிறலை அடக்கும் உறுப்பு) காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள். எஸ்.எம்.பி.ஜே.5.0ஏ என்ற வகை, முழு சர்ஜில் (திடீர் எகிறலில்) 9.2 வோல்ட் வரை விட்டுவிடும். அது நொடிப்பொழுது எகிறலுக்கானது, நின்று எரிக்கும் 12 வோல்ட்டுக்கு அல்ல.

மீட்டர் முனையை எங்கே வைப்பது? அடாப்டர் முனையில் அல்ல, சிப்பின் பவர் பின்னிலும் அதன் பக்கத்துக் கிரவுண்டிலும். சில மில்லிவினாடி பள்ளங்கள் மல்டிமீட்டரில் தெரியாது, ஆசிலோஸ்கோப் வேண்டும். ஒவ்வொரு பவர் பின்னுக்கும் ஒட்டியே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், அருகில் 10 மைக்ரோஃபாரட் ஒன்று இருக்கட்டும்.

பவரே கொடுக்காத சிப்பில் எல்.இ.டி. மங்கலாக எரிகிறதா? எங்கோ 5 வோல்ட் சென்சார் ஒன்று சிக்னல் பின்னின் காப்பு டையோடு வழியாகப் பவர் ஊட்டிக்கொண்டிருக்கிறது. உதாரணமாக, தூரம் அளக்கும் எச்.சி.எஸ்.ஆர்.04 சென்சாரின் எக்கோ (சிக்னல்) கம்பியிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் கிடைப்பது 3.3 வோல்ட். அதை மட்டும் சிப்புக்குக் கொடுங்கள்.