25 டாலர் வாத்து ஸ்டாம்ப்: அந்தப் பணம் எங்கே போகிறது?

அமெரிக்கத் தபால் நிலையங்கள் சிலவற்றில் ஒரு ஸ்டாம்ப் விற்கிறார்கள். விலை 25 டாலர். அதை உறையில் ஒட்டினால் கடிதம் போய்ச் சேராது, ஏனென்றால் அது தபாலுக்கானதே அல்ல. வாத்துகளும் நீர்ப்பறவைகளும் தங்கும் சதுப்பு நிலங்களை வாங்குவதற்கு மத்திய அரசு பணம் திரட்டும் வழி அது. முழுப்பெயர் 'புலம்பெயர் பறவை வேட்டை மற்றும் பாதுகாப்பு ஸ்டாம்ப்'. எல்லோரும் சொல்வது டக் ஸ்டாம்ப்.

பெயரில் 'வேட்டை' இருப்பதால் பறவைகளை ரசிக்க மட்டும் போகிறவர்கள் பலர் இது தங்களுக்கானதல்ல என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சட்டம் சொல்வது இதுதான்: 16 வயது நிரம்பியவர் வாத்து, காட்டு வாத்து போன்றவற்றை வேட்டையாட வேண்டுமென்றால் மாநில உரிமத்தோடு இந்த ஸ்டாம்பும் கட்டாயம். மற்றபடி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர் வாங்கினாலும் பணம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

இதன் தொடக்கம் ஒரு பஞ்ச காலத்தில். 1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் கடும் வறட்சி. அதற்கு முன்பே விவசாயத்துக்காகச் சதுப்புகளில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்திருந்தார்கள். இறங்க இடமில்லாமல் வாத்துகளின் எண்ணிக்கை சரிந்தது. 1934 மார்ச் 16 அன்று அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் ஸ்டாம்ப் 1 டாலர். அதற்குப் படம் வரைந்தவர் 'டிங்' டார்லிங். அரசியல் கேலிச்சித்திரங்களுக்காக இரண்டு முறை புலிட்சர் பரிசு பெற்றவர், அப்போது வனவுயிர்களைக் கவனிக்கும் மத்திய அலுவலகத்தின் தலைவராகவும் இருந்தார். நீரில் வந்து இறங்கும் இரண்டு மல்லார்ட் வாத்துகளை வரைந்திருந்தார்.

சரி, பணத்துக்கு வருவோம். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் பறவைப் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. நன்கொடை கேட்கும் எந்த இடத்திலும் முதலில் கேட்க வேண்டியது நிர்வாகச் செலவு எவ்வளவு என்பதுதான். இங்கே அந்தக் கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் கிடைக்கிறது. இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் திரண்டு, ஏறக்குறைய 60 லட்சம் ஏக்கர் காக்கப்பட்டிருக்கிறது. நியூ மெக்சிகோவில் பனி வாத்துகளும் சாண்ட்ஹில் கொக்குகளும் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து தங்கும் போஸ்கே டெல் அப்பாச்சே புகலிடத்தின் நிலம் பெரும்பாலும் இந்தப் பணத்தில் வாங்கியதுதான்.

எல்லாமே விலைக்கு வாங்குவது அல்ல. வடக்கு, தெற்கு டகோட்டா மாநிலங்களின் பக்கம் பனிப்பாறைகள் உருகிய காலத்தில் உண்டான சிறு குட்டைகள் எண்ணற்றவை வயல்களுக்கு நடுவே கிடக்கின்றன. வாத்துகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது அங்கேதான். சில மாதம் தண்ணீர், சில மாதம் வெறும் சேறு, அவ்வளவு சிறியவை. இவற்றை ஒவ்வொன்றாக அரசு வாங்குவது நடக்கிற காரியமல்ல. அதனால் விவசாயியோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, ஒரே தடவையாகப் பணம் கொடுக்கிறார்கள். அதன்பின் அந்தக் குட்டையை வடிக்கவோ, மண் போட்டு மூடவோ, சமன் செய்யவோ, அதிலுள்ள புல் பூண்டைக் கொளுத்தவோ கூடாது. நிலம் அவருடையதாகவே இருக்கும். குட்டை தானாக வற்றிவிட்டால் அதில் உழலாம், மாடு மேய்க்கலாம். ஆனால் ஒப்பந்தம் நிரந்தரமானது. நிலத்தை விற்றால் வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும். 2015இல் விலையை 15 டாலரிலிருந்து 25ஆக உயர்த்தியபோது, கூடுதலாக வரும் 10 டாலரை இத்தகைய ஒப்பந்தங்களுக்கே ஒதுக்கினார்கள். எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். விவசாயியை விரட்டாமல் வாத்துக்கு இடம் கொடுக்கிறது.

வாங்குகிறவருக்கு ஒரு சலுகையும் உண்டு. நுழைவுக் கட்டணம் வாங்கும் தேசிய வனவுயிர்ப் புகலிடங்களுக்கு, நடப்பு ஆண்டின் ஸ்டாம்ப் இருந்தால் கட்டணம் இல்லை. ஸ்டாம்ப் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை செல்லும். மே மாதம் வாங்கினால் கையில் இருப்பது இரண்டே மாதம், ஆகவே ஜூலையில் வாங்குவது புத்திசாலித்தனம்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1949 முதல் ஆண்டுதோறும் பொதுப் போட்டி வைத்துப் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெல்பவருக்குக் காசுப் பரிசு கிடையாது. 2020இல் படத்தில் வேட்டை தொடர்பான ஏதாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஓவியர்களும் பறவை ஆர்வலர்களும் முகம் சுளித்தார்கள்; அடுத்த ஆண்டே அது போய்விட்டது. நல்ல வேளை.

வரிக்கழிவு வேண்டும் என்பதுதான் உங்கள் முக்கிய நோக்கம் என்றால் ஸ்டாம்பை நம்ப வேண்டாம். வரிவிலக்குப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுங்கள். சதுப்பு நிலங்களுக்காகவே 1937இல் தொடங்கிய டக்ஸ் அன்லிமிடெட் அப்படி ஒன்று. ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் நிறுவனத்திடமிருந்து எழுத்துப்பூர்வ ஒப்புகை வாங்கி வைத்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம் மட்டும் போதாது. நன்கொடைக்குப் பதிலாக விருந்தோ பையோ தந்தால், அதன் மதிப்பைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கணக்கில் வரும். 2026 வரி ஆண்டிலிருந்து, கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடாதவர்களும் ரொக்க நன்கொடையில் தனிநபர் 1,000 டாலர் வரை, சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதி 2,000 டாலர் வரை கழிக்கலாம்.

தாள் ஸ்டாம்போடு வேட்டைக்குப் போகிறவர் அதன் மேல் மையால் குறுக்கே கையெழுத்திட்டாக வேண்டும், இல்லையென்றால் செல்லாது. சேகரிப்பவர்களோ கையெழுத்தே போட மாட்டார்கள், மதிப்புக் குறையும் என்று. அதனால் இரண்டு ஆசையும் உள்ளவர்கள் இரண்டு வாங்குகிறார்கள். சதுப்புக்கு 49 டாலர்.