வேகப் போக்கர்: ஆளைப் படிக்க முடியாது, கூட்டத்தைப் படிக்கலாம்

ஆறு பேர் உட்காரும் சாதாரண ஆன்லைன் போக்கர் மேசையில் மணிக்குச் சுமார் 70, 80 ஆட்டங்கள் ஓடும். 2010-இல் ஃபுல் டில்ட் தளம் ‘ரஷ்’ என்றும், 2012-இல் போக்கர்ஸ்டார்ஸ் தளம் ‘ஜூம்’ என்றும் கொண்டுவந்த வேக வடிவத்தில் அது 200-ஐத் தாண்டிவிடுகிறது. ஃபோல்டு (சீட்டைப் போட்டு விலகுதல்) பொத்தானை அழுத்திய நொடியே வேறு மேசை, வேறு எதிராளிகள், புதிய சீட்டுகள்.

ஆகவே, எதிரே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று கவனித்துத் தெரிந்துகொள்ள நேரமே கிடைக்காது. ஆனால் காத்திருக்க வேண்டாம் என்றதும் எல்லோரிடமும் ஒரே பழக்கம் வந்துவிடுகிறது: சுமாரான சீட்டு என்றால் உடனே போட்டுவிட்டு நல்ல சீட்டைத் தேடிப் போவது. வேகப் போக்கரில் கிடைக்கும் ஆதாயத்தில் பெரும்பங்கு இந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது.

கணக்கைப் பார்ப்போம். முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஃபோல்டு செய்து, பட்டன் இடத்தில் (பிளைண்ட் எனும் கட்டாயப் பணயம் வைக்கும் இருவருக்கு முந்தைய இடம்) இருக்கும் உங்களிடம் ஆட்டம் வருகிறது. நடுவில் இருப்பது ஸ்மால் பிளைண்ட் அரை, பிக் பிளைண்ட் ஒன்று, மொத்தம் 1.5. நீங்கள் 2.5 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தால் (பணயத்தை ஏற்றினால்), 1.5-ஐ எடுக்க 2.5-ஐப் பணயம் வைக்கிறீர்கள். 2.5-ஐ 4-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். பிளைண்ட் வைத்த இருவரும் சேர்ந்து அத்தனை முறை விலகினாலே, கையில் எந்தச் சீட்டு இருந்தாலும் நட்டமில்லை. 70 சதவீதம் விலகினால் ஒவ்வொரு முயற்சிக்கும் சராசரியாக 0.3 பிக் பிளைண்ட் லாபம். யாராவது கால் செய்தபின் (அதே தொகையைப் போட்டு ஆட்டத்தில் நின்றபின்) நீங்கள் ஜெயிக்கும் பங்கை இதில் சேர்க்கவே இல்லை. பெரும்பாலான தளங்களில் ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) வராத ஆட்டத்துக்கு ரேக் (தளத்தின் கமிஷன்) பிடிப்பதில்லை என்பது கூடுதல் வசதி.

இதே பழக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. எளிதாக ஓடிவிடக்கூடியவர் ஓடாமல் நின்று மறுரெய்ஸ் செய்தால், அவர் கை (கையிலுள்ள சீட்டுகள்) பலமானது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிளைண்டைப் பிடிக்கக் கற்றவர்கள் பலர் பணத்தை விடுவது இங்கேதான். சுமாரான கையோடு பிடிவாதமாகக் கால் செய்து, பிடித்ததை எல்லாம் ஒரே ஆட்டத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சில சமயம் நீங்களே மறுரெய்ஸ் செய்யலாம். அப்போது எதிராளி ராணி ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி, ஏஸ்-ராஜா ஆகியவற்றோடு மட்டுமே அதற்கும் மேல் ஏற்றுவார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி அமைய 6 வழி, ஏஸ்-ராஜா அமைய 16 வழி, மொத்தம் 34. உங்கள் கையில் ஒரே சின்னத்தில் ஏஸும் ஐந்தும் இருந்தால் ஏஸ் ஜோடிக்கு 3 வழியும், ஏஸ்-ராஜாவுக்கு 12 வழியும்தான் மிஞ்சும். 34 இப்போது 27. உங்கள் ஒரே ஒரு ஏஸ், அவரது பலமான கைகளில் ஐந்தில் ஒரு பங்கை அழித்துவிட்டது. பிளஃப்பாக (பலமான கை இல்லாமல் மிரட்டலாக) மறுரெய்ஸ் செய்ய வேண்டுமென்றால் ஒன்பதும் எட்டும் இருப்பதைவிட இந்தக் கை மேல் என்பது இதனால்தான். கால் வந்தாலும் ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு), ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) இரண்டுக்கும் வழி இருக்கிறது.

ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு வந்தபின்) எளிய விதி ஒன்று போதும். நடுவில் சேர்ந்த தொகையில் (பாட்) பாதி அளவு பெட் (பணயம்) வந்தால், கால் செய்ய 25 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். பாட் அளவே வந்தால் 33. குறைந்த பணய மேசைகளில் ரிவரில் வரும் பெரிய ரெய்ஸ் அரிதாகவே பிளஃப். அங்கே விலகுவதே என் பரிந்துரை.

இதெல்லாம் பலிக்கிறதா என்று பார்க்க வரவு செலவைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நூறு ஆட்டத்துக்கு 3 பிக் பிளைண்ட் ஜெயிக்கும் நல்ல ஆட்டக்காரருக்கும், அந்த நூறு ஆட்டத்தின் திட்ட விலக்கம் (ஏற்ற இறக்கத்தின் அளவு) 90 பிக் பிளைண்ட் அளவில் இருக்கும். 10,000 ஆட்டம் ஆடியபிறகும் சராசரியின் பிழை 9. அதாவது அவர் நட்டத்தில் இருப்பது சர்வசாதாரணம். அதற்குப் பதில், தளம் தரும் ஆட்டப் பதிவை இறக்கி, உங்கள் பட்டன் ரெய்ஸுக்கு இருவரும் விலகியது எத்தனை முறை என்று எண்ணுங்கள். 1,000 முயற்சியில் அந்தச் சதவீதம் ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளிப் பிழையோடு தெரிந்துவிடும். அது 62.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் பலவீனமான கைகளை விட்டுவிடுங்கள், அல்லது ரெய்ஸை 2-ஆகக் குறையுங்கள். அப்போது 57 சதவீதம் விலகினால் போதும்.