ஜாப் என்றால் கொத்து

பேரனை சனிக்கிழமைக் குத்துச்சண்டை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வரும் தாத்தா ஒருவர், ஓரத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது கேட்டார்: "தம்பி, வந்ததிலிருந்து ஜாப் ஜாப் என்றே கத்துறீங்களே, ஒன்பது வயசுப் பையனுக்கு என்ன வேலை வாங்கித் தரப்போறீங்க?" கிண்டல்தான். ஆனால் எம்ஆர்டி ரயிலில் வீடு வந்து சேரும்வரை எனக்கு அதே யோசனை. முன்னால் வைத்திருக்கும் கையை நேராக நீட்டி அடித்துச் சட்டென்று இழுத்துக்கொள்வதைக் குத்துச்சண்டையில் ஜாப் (jab) என்போம், ஆங்கிலத்தில் வேலைக்கும் ஜாப் (job). தமிழில் 'ஜாப்' என்று எழுதினால் அது வேலையா அடியா என்று எழுத்து காட்டிக்கொடுக்காது. போதாததற்கு 2021 முழுக்க, கொரோனா தடுப்பூசி நேரத்தில், இங்கே சிங்கப்பூரில் "ரெண்டாவது ஜாப் போட்டாச்சா?" என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டோம், அதில் ஊசி என்ற பொருளும் சேர்ந்துகொண்டது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கிலிருந்து 1820களில் ஆங்கில எழுத்துக்கு வந்தது இது. கூரான ஒன்றால் சட்டென்று குத்துவது என்று பொருள். அதற்கு மூத்த வடிவத்தின் எழுத்துக்கூட்டு, வேலையைக் குறிக்கும் ஜாப் போலவே இருக்கும், ஆனால் சொல் வேறு. ஆங்கிலத்தில் உயிரெழுத்து மாறிப் பிரிந்துபோன இரண்டையும் நம் எழுத்து மறுபடி ஒட்டிவைத்துவிட்டது, தாத்தாவின் கிண்டலுக்கு அதுதான் வசதி. அந்த மூத்த சொல்லை 15ஆம் நூற்றாண்டில் பறவை அலகால் கொத்துவதற்குச் சொல்லியிருக்கிறார்கள். இதை மனதில் வையுங்கள். குத்துச்சண்டைக்குள் ஜாப் நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஊசிக்கு வந்தது அதற்கும் பிறகு.

அப்படியானால் தமிழில் 'குத்து' என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். பொருள் பொருந்தத்தான் செய்கிறது. முள் குத்தும், காது குத்துவோம், பச்சை குத்துவோம், தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை அலகு குத்திக்கொண்டு நடக்கிறோம். கைமுட்டியால் அடிப்பதும் குத்து, உலக்கையால் நெல்லில் போடுவதும் குத்து. சிக்கலே அதுதான். குத்துச்சண்டையில் விழுவதெல்லாம் குத்து என்றான பிறகு, அதில் ஒன்றுக்கு மட்டும் குத்து என்று பெயர் வைத்தால் பையன் எதை எடுப்பான்? "குத்து!" என்று கத்திப் பாருங்கள், பத்துப் பேரில் எட்டுப் பேர் உலக்கைதான் போடுவார்கள், மொத்த உடம்பையும் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

வேறு பெயர்களையும் யோசித்துப் பார்த்தேன். 'குறுங்குத்து' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. ஜாப் குறுகியது இல்லை, கை முழுக்க நீளும், எதிராளியை எட்டிப் பிடிப்பதே அதன் வேலை. 'இடக்குத்து' பெரும்பாலோருக்குச் சரி, ஆனால் இடக்கைக்காரர்கள் வலக்கையை முன்னால் வைத்து நிற்பார்கள், அவர்களுக்கு ஜாப் வலக்கையில். 'முன்கைக் குத்து' கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் தமிழில் முன்கை என்றால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் உள்ள பகுதி. 'நேர்க்குத்து' என்றால் பின்னங்கையால், அதாவது பின்னால் வைத்திருக்கும் கையால், விடும் நேர் அடியும் அதில்தானே வரும். எங்களோடு சொல்லிக்கொடுக்கும் சீன நண்பரிடம் கேட்டேன். அவர்கள் மொழியில் முள்ளுக்கும் துளைப்பதற்கும் உள்ள எழுத்தோடு முட்டி என்ற எழுத்தைச் சேர்த்து முடித்துவிட்டார்களாம். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

என் முடிவு: கொத்து. பாம்பு கொத்தும், கோழி கொத்தும், மரங்கொத்தி கொத்தும். இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது என்ன? போன தலை போன வழியே திரும்பி வந்துவிடும். குத்து என்ற சொல்லில் திரும்பி வருவது இல்லை. குத்திய முள் உள்ளேயேகூட இருந்துவிடும். கொத்திய அலகு அங்கே தங்காது. ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளும் இதே என்பது பிறகு தெரிந்தபோது, ஏதோ நானே கண்டுபிடித்தது போல ஒரு பெருமை.

பிள்ளைகளுக்கு ஜாப் சொல்லிக்கொடுப்பதில் பாதி, இந்தத் திரும்பி வருவதைச் சொல்லிக்கொடுப்பதுதான். கன்னத்தருகே முன்னால் வைத்திருக்கும் கை நேர்கோட்டில் போக வேண்டும், முழங்கை வெளியே விரியக் கூடாது. விரிந்தால் கதவு திறப்பது போல எதிராளிக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். இதற்கு வசனம் பேசிப் பயனில்லை, பையனை அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துத் தூணை ஒட்டி நிற்க வைத்துப் பத்து முறை விடச் சொல்லுங்கள், முழங்கை தூணில் இடித்தால் அவனே திருத்திக்கொள்வான். கை முழுக்க நீளும் கடைசி நொடியில் முட்டி திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ள கணுதான் முதலில் படவேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. தோள் உயர்ந்து தாடையை மூடும். தாடையை இறக்கி வைக்க மறந்துபோகும் பையனுக்குத் தாடையடியில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துவிட்டால் போதும். இவ்வளவு நேரமும் இன்னொரு கை எங்கே? கன்னத்தில். அது கீழே இறங்கியிருந்தால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் வீண்.

விடுவதற்கு முன் கையைப் பின்னால் இழுப்பதுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள நோய். "பாம்பு கொத்துவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட்டா கொத்தும்?" என்று கேட்டால் சிரிப்பார்கள், அடுத்த தடவை இழுப்பது குறையும். பாம்பை நேரில் பார்த்திராத பிள்ளைகளும் பாசிர் ரிஸ் பக்கம் திரியும் கோழிகளைப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் போதும்.

திரும்பும் கை தாழ்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் கதையை விடப் பெரிய சாட்சி வேண்டாம். 1936 ஜூனில், நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில், அதுவரை தோல்வியே காணாத லூயிஸை ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங் 12ஆம் சுற்றில் வீழ்த்தினார். லூயிஸ் ஜாப் விட்டதும் இடக்கையைத் தாழ்த்துகிறார் என்பதை ஷ்மெலிங் முன்னமே கவனித்து வைத்திருந்தார், அந்த இடைவெளியில் வலக்கையை இறக்கிக்கொண்டே இருந்தார். கொத்தப் போன கழுத்து வந்த வழியே திரும்பவில்லை, அவ்வளவுதான். 1938இல் லூயிஸ் முதல் சுற்றிலேயே கணக்கைத் தீர்த்தார் என்பது வேறு விஷயம்.

இந்த ஊருக்கும் குத்துச்சண்டை புதிதில்லை. நியூ வேர்ல்டு, கிரேட் வேர்ல்டு கேளிக்கைப் பூங்காக்களில் ஒரு காலத்தில் டிக்கெட் போட்டு நடந்தது, நம் குத்துச்சண்டை வீரர் சையது அப்துல் காதர் 1972இல் மியூனிக் ஒலிம்பிக்ஸுக்குப் போனார், 1974 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்றார். இத்தனை நடந்தும் நாம் ஆங்கிலப் பெயர்களையே வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

'கொத்து' என்றதும் பிள்ளைகள் முதலில் கேட்டது பரோட்டாவைத்தான். கேட்கட்டும், கல்லில் விழும் அந்தத் தகடும் விழுந்தவுடன் எழும்பிவிடுகிறதே. தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் நாளில் இப்போது "கொத்து, கொத்து, குத்து" என்றே கூப்பிடுகிறேன், அதாவது இரண்டு ஜாப், பின்னங்கையால் ஒரு நேர் அடி. எல்லா இனப் பிள்ளைகளும் கலந்திருக்கும் நாளில் ஊர் வழக்கப்படி ஒன்று, ஒன்று, இரண்டு என்று எண்தான்.

பக்கவாட்டில் வளைத்து விடும் ஹூக்குக்குக் கொக்கிக்குத்து என்று வைத்துக்கொள்ளலாம், வளைந்த கை கொக்கி மாதிரியே இருக்கும். கீழிருந்து மேலே விடும் அப்பர்கட்டுக்கு இன்னும் ஒன்றும் சிக்கவில்லை. 'மேல்வெட்டு' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், அந்தத் தாத்தா அடுத்த வாரமும் வருவார்.