குறிஞ்சி பூக்காத வருஷங்கள்

ஜூலை பிறந்தால் போதும், என் ஃபோனுக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஏதோ ஒரு மலைச்சரிவு, அதில் ஊதாவாகப் பூத்த செடி. கூடவே ஒரு கேள்வி: "சார், இது நீலக்குறிஞ்சிதானே? 2030ல்தானே பூக்கணும்? இப்பவே பூத்திருக்கே, காலநிலை மாற்றமா?"

நான் நீலகிரியில் புல்வெளி மீட்பு வேலை செய்யும் தாவரவியலாளன். அதனால் கேட்கிறார்கள், கேட்கட்டும். பெரும்பாலும் படத்தில் இருப்பது வேறு வகைக் குறிஞ்சியாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சிப் பேரினத்துச் செடிகள் எத்தனையோ உண்டு, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. நீலக்குறிஞ்சியிலேயே எல்லா மலையும் ஒரே வருஷத்தில் பூப்பதில்லை. 2022ல் இடுக்கி மாவட்டம் கள்ளிப்பாறையில் சரிவு முழுவதும் பூத்தது. அது அந்த மலையில் வளர்ந்த செடிகளின் முறை. எனவே கணக்குக்கு வெளியே பூக்கும் ஒவ்வொரு பூவையும் காலநிலை தலையில் கட்ட வேண்டாம். எனக்குத் தூக்கம் கெடுவது பூவே இல்லாத வருஷங்களை நினைத்துத்தான்.

நீலக்குறிஞ்சிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பூப்பு. பன்னிரண்டு வருஷம் இலையும் தண்டுமாகப் புல்லோடு புல்லாக நிற்கும். பிறகு மலை முழுக்க ஒன்றாகப் பூக்கும், விதை கொடுக்கும், செத்துவிடும். 1838லிருந்து இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் காலத்தில் 1994, 2006, 2018. பழங்குடியினரில் பளியர்கள் குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என்று எண்ணி வயது சொல்வார்கள் என்பது பலரும் கேள்விப்பட்டதுதான்.

ஒன்றாகப் பூப்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. காட்டுக்கோழியும் எலியும் பூச்சியும் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு விதையைக் கொட்டிவிடுவது. தின்றது போக மிஞ்சியது அடுத்த தலைமுறை. ஆனால் இதில் மொத்தப் பணத்தையும் ஒரே சீட்டில் கட்டுகிற ஆபத்தும் உண்டு. வருஷா வருஷம் பூக்கும் செடிக்கு ஒரு மழைக்காலம் கெட்டால் அடுத்த வருஷம் இருக்கிறது. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் அடுத்தது, அதுவும் அந்த ஒரு பருவத்து விதை பிழைத்து வளர்ந்திருந்தால் மட்டும்.

2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட்டில், சரியாகப் பூக்கும் பருவத்தில், கேரளாவைப் பெருவெள்ளம் புரட்டிப் போட்டது. மூணாறு, இரவிகுளம் பக்கமெல்லாம் விடாத மழை. குறிஞ்சிப் பூ சின்ன மணி மாதிரி. அடை மழையில் அது நனைந்து துவண்டு தொங்கிவிடும். அதைவிட முக்கியம், மழையில் தேனீ வெளியே வராது. குறிஞ்சியை நாடி வருவதில் முதல் ஆள் நம் அடுக்குத் தேனீ. வெயில் தலைகாட்டும் இரண்டு மணி நேரத்தில் அது ஓடி ஓடி வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். மேகம் மூடினால் சட்டென்று சத்தம் அடங்கிவிடும்.

சரி, பூத்துக் காய்த்தாயிற்று. காய்ந்த காய் வெடித்து விதை சிதறி, 2019 பருவமழையில் முளைக்கத் தொடங்கியது. குறிஞ்சி நாற்றைப் பார்த்தவர்கள் குறைவு. சட்டைப் பட்டன் அளவுக்கு இரண்டு விதையிலை, நூல் போல ஒரு வேர். முதல் மழையில் புல்லை விலக்கிப் பார்த்தால் நெருக்கி நெருக்கி முளைத்திருக்கும். அந்த வருஷம் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தை நீலகிரிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பல ஊர்களுக்கு வருஷம் முழுக்கப் பெய்யும் மழை அது. நான் கயிறு கட்டிக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு சரிவுக்கு மழை விட்டு மூன்று வாரம் கழித்துத்தான் போக முடிந்தது. கயிறு கட்ட அடித்திருந்த குச்சிகள் நான்கில் இரண்டு இல்லை. அவை இருந்த இடத்தில் செம்மண் பிளந்து கிடந்தது. மேல்மண்ணோடு புல்லும் போய்விட்டது, நாற்றும் போய்விட்டது. கீழே ஓடையில் கறுப்பு மண் குவிந்து கிடந்தது. அந்த மண்ணில் எத்தனை நாற்றுகள் புதைந்தன என்று எண்ணிப் பார்க்க வழியில்லை.

அந்த ஒரு மழையைக் காலநிலை மாற்றம்தான் பெய்யவைத்தது என்று நான் சொல்லவில்லை. சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும் என்பது இயற்பியல். இடைப்பட்ட நாட்களில் மண் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதும் அதே கணக்கில் வருவதுதான். நாற்றுப் பருவத்தில் இருக்கும் செடிக்கு இரண்டுமே கெடுதல்.

'சூடாகிவிட்டால் செடி மேலே ஏறிப் போகாதா?' என்று ஒரு பள்ளி மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. இமயமலையில் ஏறிப் போக இடம் இருக்கிறது. இங்கே எங்கே போவது? தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். அதற்கு மேல் வானம்தான். நீலகிரி, பழனிமலை, ஆனைமலை எல்லாம் நடுவில் வெப்பமான பள்ளத்தாக்குகள் பிரித்து வைத்த தீவுகள் மாதிரி. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு விதை தானாகத் தாண்டிப் போகாது.

இதில் அதிகம் பேசப்படாத சங்கதி ஒன்று உண்டு: உறைபனி. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்வெளியில் உப்பு தூவியது போல வெள்ளையாகக் கிடக்குமே, அதுதான். காய்கறித் தோட்டக்காரர்களுக்கு அது எதிரி. புல்வெளிக்கோ அது காவல்காரன். திறந்த வெளியில் முளைக்கும் மரக்கன்றுகளைக் கருக்கிவிட்டு, புல்லுக்கும் குறிஞ்சிக்கும் இடத்தைக் காத்துக் கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. இரவுகள் சூடாகி உறைபனி குறையக் குறைய அந்தக் காவல் தளரும்.

காவல் தளர்ந்தால் உள்ளே நுழையக் காத்திருப்பது சீகை மரம் (ஆங்கிலத்தில் வாட்டில்; சீகைக்காய்ச் செடி அல்ல). வெள்ளைக்காரர்கள் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த அயல்மரம் அது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் அழியாது, சூட்டில் ஓடு வெடித்து இன்னும் வேகமாக முளைக்கும். கோடை நீண்டால் தீ, தீ வந்தால் சீகை, சீகை அடர்ந்தால் அடியில் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாத இடத்தில் குறிஞ்சிக்கு வேலையே இல்லை. சீகை, கற்பூர மரம், பைன் தோட்டங்களாலும் விவசாயத்தாலும் பழனிமலையில் மட்டும் சுமார் நாற்பது வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. மிச்சமிருக்கும் துண்டுகளின் மேல்தான் இப்போது வெப்பமும் ஏறுகிறது. 2024ல் ஐ.யூ.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் செம்பட்டியலில் நீலக்குறிஞ்சி அழிவாய்ப்பு இனமாகச் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சட்டம் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்போது இதுவும் பாதுகாக்கப்பட்ட தாவரம், செடியைப் பிடுங்கினால் அபராதமும் சிறையும் உண்டு. இடுக்கியில் 2006ல் குறிஞ்சிமலை சரணாலயமும் அறிவித்தார்கள். பூப் பறிக்கும் கையை இவை தடுக்கும். சீகைக் கன்றைத் தடுக்காது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு கல்லூரிக் குழு அழைத்தது. நல்ல பிள்ளைகள். சொந்தக் காசு போட்டு ஐந்நூறு மரக்கன்று வாங்கி வைத்திருந்தார்கள். "சார், காலநிலை மாற்றத்துக்காக நடணும். மொட்டையா ஒரு மலை பார்த்து வச்சிருக்கோம், அனுமதி வாங்க உதவுங்க." இடத்தைச் சொன்னார்கள். 2018ல் குறிஞ்சி பூத்த சரிவு அது! புல்வெளியைத் தரிசு என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தார்கள், நாமும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டோம். அந்தப் பிள்ளைகளை அங்கேயே அழைத்துப் போனேன். ஒரு கைப்பிடிப் புல்லின் அடியில் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். மழை நின்று ஐந்து நாள் ஆகியும் மண் ஈரப் பஞ்சு போல இருந்தது. கார்பன் சேர்ந்து கறுத்த மண். மரத்தில் இருக்கும் கார்பன் தீயில் போய்விடும், மண்ணுக்குள் இருப்பது அவ்வளவு சுலபமாகப் போகாது. கன்றுகளை ஊருக்குள் ஒரு பள்ளி வளாகத்தில் நட்டார்கள். மலையில் அன்று மதியம் முழுக்க எங்களோடு சேர்ந்து சீகைக் கன்று பிடுங்கினார்கள்.

நீங்கள் மலைக்கு வந்தால் இந்த மூன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். புல்வெளியில் மரம் நடாதீர்கள், யார் நட்டாலும் விசாரியுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒரு தீக்குச்சிகூடப் பற்ற வைக்காதீர்கள். பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள். பூ இல்லாத குறிஞ்சி பார்வைக்கு வெறும் புதர்தான். விளிம்பில் பல் பல்லாக வெட்டு, நரம்பு ஆழமாகப் பதிந்த இலை. செல்ஃபிக்காக மிதிப்பவருக்குத் தான் எதை மிதிக்கிறோம் என்பதே தெரியாது.

2019 மண்சரிவுக்குத் தப்பிய அந்தச் சரிவின் மேல்பாதியில் செடிகள் இப்போது முழங்கால் உயரம் இருக்கின்றன. போன மாதம் அவற்றைச் சுற்றிச் சீகைக் கன்றுகளை வேரோடு எடுத்தோம். ஒரு மழை பெய்தால் பழைய விதையிலிருந்து மறுபடியும் முளைத்துவிடும். அடுத்த சனிக்கிழமை திரும்பப் போகிறோம்.