ராக்னி பிடித்த பந்து

1913 கோடையில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் சீடர் பாயிண்ட் என்ற உல்லாசத் தலத்தில் இரண்டு கல்லூரி மாணவர்கள் வேலை பார்த்தார்கள். ஓய்வு கிடைத்தால் மணலுக்கு வந்துவிடுவார்கள். கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்துதான் அவர்கள் ஆட்டம். கஸ் டொரே பந்தை எறிவார். நூட் ராக்னி ஓடிக்கொண்டே பிடிப்பார். ராக்னி நார்வேயில் பிறந்தவர். சிகாகோவில் வளர்ந்து, தபால் துறையில் உழைத்துக் காசு சேர்த்து, 22 வயதில்தான் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வேதியியலில் கெட்டிக்காரர்.

பந்தை முன்னோக்கி எறியும் உத்தி இவர்கள் கண்டுபிடித்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். தவறு. 1906-இலேயே விதி அதை அனுமதித்துவிட்டது. ஆனால் கூடவே வந்த கட்டுப்பாடுகளுக்குப் பயந்து பலர் அதைத் தொடவில்லை. 1912-இல் விதிகள் தளர்ந்தன; பந்தும் சற்று மெலிந்தது.

இரு முனையும் கூம்பிய பந்து அது. குறுக்காகப் புரண்டு பறந்தால் காற்று முட்டி நிறுத்திவிடும். முனை முன்னால் போனால் காற்றைக் கிழித்துச் செல்லும். எனவே, பந்தின் மேலுள்ள தையல் கயிற்றில் விரல்களைப் பதித்து, விடும் கணத்தில் விரல்கள் பக்கவாட்டில் வழுக்கி இறங்கும்படி எறிகிறார்கள். பந்து தன் நீள அச்சில் சுழல்கிறது. நல்ல எறிதலில் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று. பம்பரத்தை நிற்கவைக்கும் அதே கோண உந்தம் பந்தைப் புரளவிடாமல் காக்கிறது.

இங்கே ஒரு புதிர். அச்சு திசை மாறாது என்றால், மேல்நோக்கி எறிந்த பந்து இறங்கும்போதும் அதன் மூக்கு வானத்தைத்தானே பார்க்க வேண்டும்? பார்ப்பதில்லை, பாதையோடு சேர்ந்து கவிழ்கிறது. காரணம், சுழலும் பொருளைத் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாது, அதற்குச் செங்குத்தாக நகரும். சாய்ந்த பம்பரம் தலையாட்டுவது இப்படித்தான். காற்று தள்ளத் தள்ள, பந்தின் மூக்கு அது போகும் திசையைச் சுற்றிச் சிறு வட்டம் போடுகிறது. பாதை கீழே வளையும்போது வட்டமும் கூடவே இறங்குகிறது. இதை இயற்பியலாளர்கள் எளிமையாக விளக்கிக் காட்டியது 2020-இல்தான்!

எறிவது பாதி வித்தை. அன்றைய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பந்தை மார்போடு அணைத்துப் பிடித்தார்கள். ராக்னி கைகளைத் தளர்த்தி நீட்டி, பந்து பட்டதும் அதன் போக்கிலேயே பின்வாங்கப் பழகினார். பந்து நிற்க எடுக்கும் நேரம் கூடினால், கையில் விழும் விசை குறையும். ஓட்டமும் உதவுகிறது: மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் வரும் பந்து, அதே திசையில் 25 கி.மீ. வேகத்தில் ஓடுபவருக்கு வெறும் 45 கி.மீ. பந்துதான்.

அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்டில் நோட்டர் டேமை எதிர்த்து ஆடிய ராணுவக் கல்லூரி அணி இதற்குத் தயாராக இல்லை. டொரே எறிந்த 17-இல் 14 சேரவேண்டிய கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 35–13 என்று நோட்டர் டேம் வென்றது. ராக்னி நொண்டுவதுபோல் நடித்து, தன்னை மறிக்க நின்ற எதிரணி ஆட்டக்காரரை ஏமாற்றிவிட்டுப் பாய்ந்தார் என்றொரு கதையும் உண்டு. நம்பவே ஆசையாக இருக்கிறது.

பட்டம் பெற்றபின் ராக்னி நோட்டர் டேமிலேயே ஆய்வகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தபடி துணைப் பயிற்சியாளரானார். 1918-இல் தலைமைப் பொறுப்பு வந்தது. 13 பருவங்களில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமன். பின்வரிசை ஆட்டக்காரர்கள் ஒரே தாளத்தில் இடம் மாறி, அந்த வேகம் அடங்கும் முன்பே ஆட்டத்தைத் தொடங்குவது அவர் அணியின் கைவந்த கலை. நின்றுகொண்டிருக்கும் எதிரணியால் ஈடுகொடுக்க முடியவில்லை. கடைசியில், இடம் மாறியபின் ஒரு நொடி முழுதாக அசையாமல் நிற்க வேண்டும் என்று விதியே போட்டுவிட்டார்கள்.

1931 மார்ச் 31 அன்று கன்சாஸில் அவர் சென்ற விமானத்தின் மர இறக்கை நடுவானில் முறிந்தது. உள்ளே புகுந்த ஈரத்தில், மரத்தை ஒட்டியிருந்த பசை விட்டுப்போயிருந்தது. ராக்னிக்கு அப்போது 43 வயது.