இயங்குதளமா, இயக்க முறைமையா?

திருப்பூரில் 'சிஸ்டம்' என்றால் கம்ப்யூட்டர். அது மெதுவானால் சர்வீஸ் கடைக்காரர், "புதுசா ஓஎஸ் போட்டுரலாமுங்க" என்பார். அந்த ஓஎஸ்ஸின் முழுப்பெயர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம்; விண்டோஸ் மாதிரி, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்.

ஆபரேட் என்ற சொல், 'வேலை' என்று பொருள்படும் 'ஓபுஸ்' என்ற லத்தீன் சொல்லில் கிளைத்தது. சிஸ்டம் கிரேக்கத்திலிருந்து வந்தது; பல உறுப்புகள் சேர்ந்து நிற்கும் அமைப்பு. ஆபரேட்டர் யாரென்று கொங்கில் சொல்லித்தர வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியை ஓட்டி ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் அவர்தானே! பழைய பெருங்கணினிகளுக்கும் அப்படி ஆள் இருந்தார். ஒரு வேலை முடிந்ததும், கட்டளைகளைத் துளைகளாகப் பதித்த அடுத்த அட்டைக் கட்டினை ஏற்றுவார். 1950களில் அவர் வேலையில் ஒரு பங்கை நிரலே பார்க்கத் தொடங்கியது. 1956இல் ஐபிஎம் 704 என்ற கணினிக்கு எழுதியதை, அப்படி வந்த முதல் நிரல்களில் ஒன்றாகச் சொல்வார்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தமிழில் இயங்குதளம், இயக்க முறைமை என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. இறங்கு, இறக்கு மாதிரி. கணினியை இயக்குவது என்ற பொருளுக்கு 'இயக்க முறைமை' நேராகப் பொருந்தும். 'இயங்குதளம்' என்றால் மற்ற மென்பொருள்கள் இயங்குவதற்கான தரை. இணையதளம், சமூகத் தளம் என்று எதற்கும் தளம் போட்டுவிட்டோம் என்ற குறை உண்டுதான். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. ஓஎஸ்ஸும் 'போடுகிறோம்', தளமும் 'போடுகிறோம்'. அப்புறம், தரை மாறினால் கால் தடுமாறும் என்பதை இந்தச் சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

எங்கள் பனியன் கம்பெனியில் பதினைந்து வருடமாக விண்டோஸில் பில் போட்ட தம்பியை ஒருநாள் ஆப்பிளின் மேக் கணினி முன்னால் உட்கார வைத்தோம். "ஏனுங்கண்ணா, மூடற குறியைக் காணோமுங்க?" மவுஸ் வலது மூலைக்கே ஓடுகிறது, மேக்கிலோ அந்தச் சிவப்புப் பொட்டு இடது மூலையில். அதை அழுத்தினாலும் ஜன்னல்தான் மூடும், பல மென்பொருள்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். நகலெடுக்கக் கண்ட்ரோலும் சி-யும் அழுத்தினான். அங்கே கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. ஓவர்லாக் தையல் மெஷினில் ஊறிய டெய்லரைப் பேட்லாக் மெஷினில் உட்கார வைத்தது போல விரல் திணறியது.

"இதுவும் இயங்குதளந்தான் தம்பி, வேற தளம்" என்றேன்.

"அதென்னமோ போங்கண்ணா, என்ற பழைய சிஸ்டத்தையே குடுத்துருங்க."