கச்சான் வீசும்போது படப்பெட்டியைத் திறவுங்கள்

அம்மம்மாவின் பிஸ்கட் ரின்னுக்குள் இருநூறு படங்களாவது இருக்கும். போன ஆடியில்தான் அவற்றைப் பிரித்து அடுக்க உட்கார்ந்தோம். ஆடி வரட்டும் என்று காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, வறண்டுபோய் மட்டக்களப்புக்கு வருகிறது. அதுதான் எங்கள் கச்சான். உதடு வெடிக்கிறது என்று அதைத் திட்டாதவர் இல்லை. ஆனால் பழைய படங்களைக் கையில் எடுக்க அதைவிட நல்ல காலம் கிடையாது.

எல்லாம் ஜெலட்டினால் வரும் வினை. ஸ்டூடியோவில் கழுவிய படத்தில் உருவம் தாளில் பதிவதில்லை. தாளின் மேல் பூசிய மெல்லிய ஜெலட்டின் படலத்தில் பதிகிறது. விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் அந்தப் பசை, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும். ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் இளகிப் பக்கத்துப் படத்தோடு ஒட்டும். பூஞ்சணத்துக்கும் அது நல்ல தீனி. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கல்லடியில், மாரிகாலத்தில் ரின்னைத் திறந்து வைப்பது படங்களுக்கு ஈரம் ஊட்டுவதுதான்.

முதலில் ஆள் ஆளாகப் பிரிக்கப் பார்த்தோம். எந்தக் குழந்தை யார் என்பதிலேயே ஒரு பொழுது போய்விட்டது. அப்புறம்தான் தாளைப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினோம், வேலை ஓடியது.

பின்பக்கம் சாதாரணக் கடதாசி போலச் சொரசொரப்பாக, படம் சற்றுச் சுருண்டு இருந்தால் பழைய தாள். வழவழப்பாக இருந்தால் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூசிய தாள்; அது பரவலானது 1970களில். ஒரு எச்சரிக்கை: பழைய படத்தைப் பிறகு மறுபிரதி எடுத்திருக்கலாம். அம்மா தவழும் படம் பிளாஸ்டிக் தாளில் இருந்தது எங்களைக் கொஞ்சம் குழப்பத்தான் செய்தது.

தாள் சொல்லாததை ஆட்கள் சொல்வார்கள். "அது சூறாவளிக்கு முதல் எடுத்தது மனே" என்றார் அம்மம்மா. 1978 நவம்பர் 23 சூறாவளியைத்தான் சொன்னார். படத்தில் வீட்டுக்குப் பின்னால் தென்னைகள் முழுசாக நின்றன.

கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு, நுண்ணிய வெள்ளித் துகள்கள். தாத்தாவின் கலியாணப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள்: கறுப்புக் கோட்டின் மேல் நீலம் பாய்ந்த கண்ணாடி மினுக்கம். காற்றிலுள்ள வாயுக்களும் ஈரமும் வெள்ளியைக் கரைக்க, அது மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்து மறுபடி வெள்ளியாகப் படிந்திருக்கிறது. தூசு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், துடைத்தால் போவது படம்தான்.

கலர் படத்தில் வெள்ளி மிஞ்சாது. கழுவும்போதே அதை நீக்கிவிடுவார்கள். இருப்பது மூன்று சாயங்கள்: பச்சை கலந்த நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள். 1970களின் தாள்களில், இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் தேய்வது அந்த நீலச் சாயம். மாமியின் பச்சைச் சேலை மண்ணிறமாகி, முகங்களெல்லாம் சிவந்து போனது அதனால்தான். ஸ்கேன் செய்தால் மிஞ்சிய நீலத்தைக் கணினியில் தூக்கிவிடலாம். முற்றாகப் போனதை யாராலும் மீட்க முடியாது என்பதால், சிவந்தவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

வெளிநாட்டு உறவுகள் போனில் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த திகதி உரிந்துபோகும். டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியில் மிஞ்சியது சுனாமியில் நனைந்த அல்பம். அன்று அதை மூடியபடியே வெயிலில் காயவைத்தோம்; செங்கல் மாதிரி இறுகிவிட்டது. ஜெலட்டினைப் பிரிக்கவும் தண்ணீரே உதவும் என்பது அப்போது தெரியாது. நனைந்த உடனேயே நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாகப் பரப்பியிருந்தால் பல தப்பியிருக்கும். கையால் வண்ணம் தீட்டிய ஸ்டூடியோ படங்களையும் இங்க்ஜெட் பிரதிகளையும் மட்டும் தண்ணீரில் போடக்கூடாது, சாயம் கரைந்துவிடும். கண்ணாடியில் ஒட்டியதைப் பிய்க்காமல் அப்படியே போனில் எடுத்துவிடுங்கள்.

ஒட்டிக் கிடந்த இரண்டு படங்களை, வெளியே தெரிந்த பக்கத்தைப் போனில் பதிந்துகொண்டு, குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்தோம். யாரும் இழுக்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்து ஒரு மூலை தானாக எழும்பியது. அடியில், அப்பாவின் தோளில் நான்.